ஸ்பெயினில் ஆங்கில ஆசிரியர் ஆவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வலென்சியாவில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பாரிஸ், லண்டன், புதுச்சேரி, கோவை என்று எங்கிருந்து பேசினாலும் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். ஏஜென்ட்டிடம் பணத்தைக் கட்டிவிட்டு அதற்கப்புறம் கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் கேட்டவர்களுடைய பேச்சிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சம்பளக் கேள்விக்கு நேரே தாவிவிடாமல், முதல் ஐந்தையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

1. ஸ்பெயின்ல எல்லாரும் ஸ்பானிஷ்தானே பேசுறாங்க? அங்க இங்கிலீஷ் டீச்சருக்கு என்ன வேலை அக்கா?

அவர்கள் ஸ்பானிஷ் பேசுவதால்தான் நமக்கு வேலை. தெருவில், கடையில், டிவியில் ஆங்கிலம் காதில் விழுவதே அபூர்வம். ஆனால் படிப்பிலும் உத்தியோகத்திலும் ஆங்கிலச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஐரோப்பிய அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள். பல பல்கலைக்கழகங்களில் பட்டம் கையில் வாங்கவே பி1 நிலை வேண்டும். நல்ல வேலைக்கு பி2 கேட்பார்கள். அதனால் பள்ளி விட்டதும் பிள்ளைகளைத் தனியார் மொழிப்பள்ளிக்கு அனுப்புவது இங்கே சாதாரணம். அந்த மொழிப்பள்ளியை 'அகாதெமியா' என்பார்கள். கேம்பிரிட்ஜின் பி1 பிரிலிமினரி, பி2 ஃபர்ஸ்ட், சி1 அட்வான்ஸ்ட் தேர்வுகளுக்குத் தயார் செய்வதுதான் பெரும்பாலான அகாதெமியாக்களின் பிழைப்பு.

இது போக, ஊழியர்களுக்கு மொழி வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் அந்தச் செலவை ஃபுன்டாயே என்ற அமைப்பின் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் தொகையில் கழித்துக்கொள்ளலாம். அலுவலகங்களில் காலை எட்டு மணிக்கு வகுப்பு நடப்பது அதனால்தான். பள்ளிகளிலும் ஆங்கிலம் உண்டு. மாட்ரிட் பிராந்தியம் 2004-இல் 26 பள்ளிகளில், சில பாடங்களை ஆங்கிலத்திலேயே நடத்தும் இருமொழித் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அது பெரிதாக வளர்ந்தது. வேலை இருக்கிறது. ஆனால் அதைச் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

2. எந்த பாஸ்போர்ட் இருந்தா அங்க வேலை செய்யலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தாலும் நேரே வந்து வேலை செய்யலாம். வொர்க் பெர்மிட் தேவையில்லை. நார்வேக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இதே உரிமை உண்டு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தார் பலருக்கு இது தோன்றுவதே இல்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் பிரான்ஸில் மட்டும்தான் செல்லும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மாட்ரிட்டில் இறங்கிய அன்றைக்கே வேலைக்குச் சேரலாம். அயர்லாந்து பாஸ்போர்ட்டுக்கும் இதே கதைதான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு இந்த உரிமை 2021 ஜனவரி 1-உடன் போய்விட்டது. லண்டன் தம்பிமார் இந்த விஷயத்தில் கோவைக்காரர்களோடு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஒரு நுணுக்கம். ஜெர்மனி அல்லது பிரான்ஸின் குடியிருப்பு அட்டை கையில் இருப்பது அந்த நாட்டுக் குடியுரிமை ஆகாது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அந்த அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பெயினில் வேலை செய்ய முடியாது. அதே சமயம், ஒன்றியக் குடியுரிமை உள்ள ஒருவர் ஸ்பெயினுக்குக் குடிவந்தால், அவருடைய கணவன் அல்லது மனைவி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் குடும்ப உறுப்பினர் அட்டை வாங்கி வேலை செய்யலாம். இந்த ஒரு வழியால் வேலைக்கு வந்த அக்காமார்களை எனக்குத் தெரியும்.

3. நான் சுவிஸ் பாஸ்போர்ட் வச்சிருக்கிறன். அங்க வந்தா முதல்ல என்னென்ன பதியோணும்?

நாலு விஷயம். முதலாவது, வெளிநாட்டவர் அடையாள எண். எல்லாரும் 'நியே' என்றே சொல்வார்கள். வங்கிக் கணக்கு, ஒப்பந்தம், வாடகை, எல்லாவற்றுக்கும் இதைத்தான் கேட்பார்கள். போலீஸ் அலுவலகத்தில் முன்பதிவு கிடைப்பதே இதில் பெரிய பாடு. விடியற்காலையில் இணையதளத்தைத் திறந்து பார்ப்பவர்களுக்குச் சீக்கிரம் அமையும். மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் ஒன்றியக் குடிமக்கள் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். அப்போது ஒரு பச்சை நிறச் சான்று தருவார்கள். சுவிஸ்காரர்களுக்கும் அப்படித்தான்.

அடுத்தது, குடியிருக்கும் ஊரின் நகராட்சியில் முகவரிப் பதிவு. பிறகு சமூகப் பாதுகாப்பு எண். நாலாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: பிள்ளைகளோடு வேலை செய்கிற எவரும் பாலியல் குற்றப் பதிவு இல்லை என்ற சான்று தர வேண்டும். 2015-இல் வந்த சட்டம் அது. ஸ்பெயின் நீதி அமைச்சகத்தின் சான்று மட்டும் போதாது; வெளிநாட்டவர் தங்கள் நாட்டுப் போலீஸ் சான்றையும் கொடுக்க வேண்டும். இதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். வந்த பிறகு தபாலில் வரவழைக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

4. இந்தியன் பாஸ்போர்ட்தான். கோர்ஸ் முடிச்சா வொர்க் விசா கிடைக்கும்னு ஏஜென்ட் சொல்றாரே, நம்பலாமா?

நம்ப வேண்டாம். நாலு வார ஆசிரியர் பயிற்சி எதுவும் வேலை அனுமதி தராது. கேம்பிரிட்ஜ் சான்றிதழாக இருந்தாலும் அப்படித்தான். அந்தச் சான்றிதழ் உங்களுக்குக் கற்பிக்கத் தெரியும் என்று சொல்கிறது. ஸ்பெயினில் வேலை செய்யலாமா என்பதைத் தீர்மானிப்பது வெளிநாட்டவர் சட்டம். ஏஜென்ட் இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் பணம் பறிக்கிறார்.

சாதாரண வேலை அனுமதிக்கு, ஸ்பெயினில் ஏற்கெனவே குடியிருப்பவர்களில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். ஆள் கிடைக்காத தொழில்களுக்கென்று அரசே ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஆங்கில ஆசிரியர் வேலை அதில் இல்லை. அயர்லாந்துக்காரரும் வேலை தேடுகிற ஊரில், பத்துப் பதினைந்து ஆசிரியர்களை வைத்து நடத்தும் ஓர் அகாதெமியா உங்களுக்காக மாதக்கணக்கில் ஃபைல் தூக்கிக்கொண்டு அலையுமா? அலைவதில்லை. "வேலை உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால், எந்த வகை அனுமதி, யார் விண்ணப்பிக்கிறார்கள், எந்த அலுவலகத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

5. அப்போ இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு வழியே இல்லையா?

வழிகள் இருக்கின்றன. எல்லாம் சுற்றுவழி. முதலாவது, மாணவர் வழி. பல்கலைக்கழகத்தில் மாஸ்டர் போன்ற உயர்கல்விக்கு மாணவர் விசாவில் வந்தால் வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை செய்யலாம். 2025 மே 20 முதல் புதிய வெளிநாட்டவர் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. உயர்கல்விக்கு உள்ள இந்தச் சலுகை எல்லா வகைப் படிப்புக்கும் தானாகக் கிடைக்காது. மொழி வகுப்பில் சேர்ந்துகொண்டு வேலைக்குப் போகலாம் என்ற பழைய கணக்கு இனி உதவாது. பணக் கையிருப்பும் காட்ட வேண்டும். மாதத்துக்கு 600 யூரோ என்ற கணக்கில், படிப்பு எத்தனை மாதமோ அத்தனைக்கும். படிப்பை முடித்தபின் மாணவர் நிலையிலிருந்து வேலை அனுமதிக்கு மாற விண்ணப்பிக்கலாம். எனக்குத் தெரிந்தவரை நம்மவர்களுக்குக் கைகூடுவது பெரும்பாலும் இந்த வழிதான்.

அடுத்தது, பிரிட்டிஷ், சர்வதேசப் பள்ளிகள். பிரிட்டிஷ் பள்ளிகளுக்கு நாப்ஸ் என்றொரு சங்கம் இருக்கிறது. அந்தப் பள்ளிகளுக்கு வேண்டியது முழுத் தகுதி பெற்ற பள்ளி ஆசிரியர். இங்கிலாந்தின் பி.ஜி.சி.இ. (ஆசிரியர் பயிற்சிப் படிப்பு), கியூ.டி.எஸ். (பள்ளி ஆசிரியர் அங்கீகாரம்) தகுதியும் அனுபவமும் இருந்தால், உயர்தகுதிப் பணியாளர் பிரிவில் அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தயங்காத பள்ளிகள் உண்டு. லண்டனில் ஆசிரியராக இருக்கும் தமிழர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு இது.

இன்னொன்று, டிஜிட்டல் நோமட் விசா. 2023 தொடக்கத்தில் வந்தது. ஸ்பெயினுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கு ஆன்லைனில் கற்பிப்பவர்களுக்குப் பொருந்தும். பட்டம் அல்லது மூன்று வருட அனுபவம், குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு வருமானம் வேண்டும். வருடத்துக்கு 14 தவணையாக வரும் அந்தச் சம்பளத்தை 12 மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால், 2025 கணக்கில் இது மாதம் ஏறக்குறைய 2,763 யூரோவாக இருந்தது. சுயதொழிலாக இதில் வருபவர் ஸ்பெயின் நிறுவனங்களிடமிருந்து சம்பாதிப்பது மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கடைசியாக, கல்வி அமைச்சகத்தின் உரையாடல் உதவியாளர் திட்டம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் இளைஞர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் வாரம் 12 முதல் 16 மணி நேரம், அக்டோபரிலிருந்து மே வரை, மாதம் 700 முதல் 1,000 யூரோ வரை உதவித்தொகை. எந்தெந்த நாட்டவர் விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியல் ஒவ்வொரு வருட அறிவிப்பிலும் வரும். அமெரிக்கா, கனடாவில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

6. செல்டாவா, டிரினிட்டியா, இல்ல ஆன்லைன்ல மலிவா கிடைக்கிற 120 மணி நேர சர்டிஃபிகேட் போதுமா?

இரண்டும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்கள். செல்டா கேம்பிரிட்ஜுடையது; டிரினிட்டி என்று எல்லாரும் சொல்லும் செர்ட்டிசால், லண்டன் டிரினிட்டி கல்லூரியுடையது. இரண்டும் பிரிட்டனின் தகுதி அளவில் ஐந்தாம் நிலை. இரண்டிலும் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து மதிப்பிடுவார். செல்டாவில் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, டிரினிட்டியில் 130. முழுநேரமாகப் படித்தால் நாலு, ஐந்து வாரம். ஸ்பெயினில் பொதுவாக 1,500 முதல் 2,000 யூரோ ஆகும். வேலை கொடுப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். டிரினிட்டியில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு: முன்பின் தெரியாத ஒரு மொழியில் உங்களுக்கே சில மணி நேரம் பாடம் நடத்துவார்கள். முதல் நாள் மாணவன் எப்படித் திணறுவான் என்பது அப்போது உங்கள் உடம்புக்கே தெரியும்.

மலிவான ஆன்லைன் சான்றிதழில் "120 மணி நேரம்" என்ற எண் மட்டும்தான் செல்டாவை ஒத்திருக்கிறது. அதில் மாணவர் இல்லை, வகுப்பு இல்லை, யாரும் உங்களைப் பார்க்கவும் இல்லை. ஆன்லைன் என்பதாலேயே மோசம் என்று நான் சொல்லவில்லை. 2020-க்குப் பிறகு செல்டாவையே முழுக்க ஆன்லைனில் படிக்கலாம், ஆனால் அதிலும் நிஜ மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தாக வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "மதிப்பிடப்படும் வகுப்பு எத்தனை மணி நேரம்?" ஆறு என்று பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள். விசா நிச்சயமில்லாதவர்கள் ஊரிலிருந்தபடியே ஆன்லைன் செல்டா முடிப்பது புத்திசாலித்தனம். ஸ்பெயின் கைகூடாவிட்டாலும் அது வேறெங்கும் செல்லும்.

7. அந்த நாலு வாரம் அவ்வளவு கஷ்டமா? எல்லாரும் பயமுறுத்துறாங்க.

கஷ்டம்தான், ஆனால் சேர்த்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சேர்வதற்கு முன்னாலேயே ஒரு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைத்து வடிகட்டிவிடுவார்கள். ஆங்கிலம் சி1-இன் மேல் பகுதியிலோ சி2-விலோ இருக்க வேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் கற்பித்தல் முறை வகுப்பு. மத்தியானம் உங்கள் பாடத்திட்டத்தைப் பயிற்றுநரிடம் காட்ட வேண்டும்: எந்த நிமிடத்தில் என்ன, எதற்காக, மாணவன் எங்கே தடுக்கி விழுவான், அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள். சாயங்காலம் இலவச வகுப்புக்கு வந்த பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் நாற்பத்தைந்து நிமிடம். ஓய்வுபெற்ற தபால்காரர், கொலம்பியாவிலிருந்து வந்த நர்ஸ், தேர்வுக்குப் படிக்கும் கல்லூரிப் பெண் என்று கலந்து உட்கார்ந்திருப்பார்கள். பின் வரிசையில் சக பயிற்சியாளர்கள் குறிப்பெடுப்பார்கள். வகுப்பு முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று உங்களையே முதலில் பேசச் சொல்வார்கள். நம்மவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் குறிப்பு ஒன்றே ஒன்று: "நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள்." பலகையில் இலக்கண விதியை எழுதி விளக்கிப் பழகிய நமக்கு, வாயை மூடிக்கொண்டு மாணவனைப் பேசவிடுவது பெரும்பாடு. இதை இப்போதே பழகத் தொடங்குங்கள். நாலு எழுத்துப் பணிகளும் உண்டு. வார இறுதி அதற்கே போய்விடும். அந்த மாதம் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

8. எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடிச்சு எட்டு வருஷம் ஸ்கூல்ல இருந்திருக்கேன். நான் ஏன் மறுபடி செல்டா படிக்கணும்?

உங்கள் எட்டு வருடம் வீணாகாது. வகுப்பை அடக்கி ஆளத் தெரிந்த ஆசிரியர் இங்கே அரிது. ஆனால் அகாதெமியா நடத்துபவருக்கு பி.எட். என்றால் என்னவென்று தெரியாது. சுயவிவரத்தில் அவர் கண் தேடுவது செல்டா அல்லது டிரினிட்டி. அந்தச் சொல் இல்லாவிட்டால் மீதியைப் படிக்கவே மாட்டார்.

அரசுப் பள்ளி ஆசிரியர் ஆவது முற்றிலும் வேறு பாதை. இந்தியப் பட்டத்தை ஸ்பெயின் அமைச்சகம் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு மேல்நிலை ஆசிரியருக்கான மாஸ்டர். அதற்கும் பிறகு 'ஒப்போசிஸியோனெஸ்' என்ற போட்டித் தேர்வு; நம் டி.ஆர்.பி. தேர்வுபோல வருடக்கணக்கில் அதற்கென்றே படிப்பார்கள். அதை எழுத ஐரோப்பியக் குடியுரிமை அல்லது அப்படிப்பட்டவரின் குடும்ப உறவு வேண்டும். 1911-இல் மாட்ரிட்டில் தொடங்கிய அரசு மொழிப்பள்ளிகளில் நிரந்தர வேலைக்கும் இதே வாசல்தான்.

9. 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்'னு விளம்பரம் போடுறாங்க. நம்மள எடுப்பாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது; அது தேவையில்லை. வேலையில் இன, வம்சாவளிப் பாகுபாடு கூடாது என்று ஸ்பெயினின் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. 2022-இல் வந்த 15-ஆம் எண் சமத்துவச் சட்டம் மொழியையும் அந்தக் காரணங்களில் சேர்த்திருக்கிறது. அப்படியும் 'நாத்திவோ', அதாவது ஆங்கிலம் தாய்மொழியானவர் வேண்டும் என்று விளம்பரம் வருவது நிற்கவில்லை. பெற்றோர் கேட்கிறார்கள் என்பது அகாதெமியாக்கள் சொல்லும் சாக்கு.

நடைமுறையில், விளம்பரத்தில் 'நேட்டிவ்' என்று இருந்தாலும் விண்ணப்பியுங்கள். "நேட்டிவ் அல்லது சி2" என்று போடும் இடங்களை முதலில் தேடுங்கள். கேம்பிரிட்ஜ் சி2 புரொஃபிஷன்சி சான்றிதழ் இருந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அது ஸ்பெயினில் எல்லாருக்கும் தெரிந்த தாள், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணுக்கு இங்கே அவ்வளவு வரவேற்பு கிடையாது. கேட்டால், ஆங்கிலத்தைப் பள்ளியில் இலக்கணத்தோடு கற்றவர் நீங்கள், மாணவன் எங்கே தடுமாறுவான் என்று உங்களுக்குத் தெரியும் என்பதைச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட. முகத்தையும் பெயரையும் பார்த்துப் பதிலே போடாத இடங்கள் இருக்கும். அந்த வலி நிஜம். ஆனால் தேர்ச்சி விகிதம் காட்டத் தொடங்கியபின், அதே ஊரில் பெற்றோர் பெயர் சொல்லிக் கேட்டு வருவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

10. ஸ்பானிஷ் தெரியாம சமாளிக்க முடியுமா?

வகுப்பறையில் முடியும், பல அகாதெமியாக்களில் வகுப்புக்குள் ஸ்பானிஷ் பேசவே கூடாது. வெளியே முடியாது. மூன்றாம் கேள்வியில் சொன்ன ஒவ்வொரு அலுவலகத்திலும் ஸ்பானிஷ்தான். வாடகை ஒப்பந்தம், டாக்டர், வங்கி, எல்லாம் அப்படியே. ஏ2 அளவாவது படித்துவிட்டு வாருங்கள். பார்சிலோனாவில் பிள்ளைகள் கத்தலானும் பேசுவார்கள். அதை மதித்து நாலு வார்த்தை கற்றுக்கொள்பவரை அவர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

11. ஸ்பானிஷ் பசங்களுக்கு இங்கிலீஷ்ல எது வராது? நேர்காணல்ல கேட்டா என்ன சொல்றது?

நல்ல கேள்வி, இதற்குத் தயாராக வருபவர்கள் குறைவு. ஸ்பானிஷில் ஐந்தே உயிரொலிகள். குறில், நெடில் வேறுபாடு கிடையாது. அதனால் 'ஷிப்'பும் 'ஷீப்'பும் அவர்கள் காதுக்கு ஒன்றுதான். 's' ஒலியில் மெய்யெழுத்துச் சேர்ந்து தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஓர் 'எ' வந்து ஒட்டிக்கொள்ளும்: 'எஸ்கூல்', 'எஸ்பெயின்'. வயதைச் சொல்லும்போது "ஐ ஹேவ் ட்வென்டி இயர்ஸ்" என்பார்கள். "பீப்பிள் இஸ்" என்பது பி2 மாணவர்களிடமும் போகாது. "எக்ஸ்பிளைன் மீ" அடுத்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கேட்டல்தான். 1941-இல் ஃபிராங்கோ ஆட்சி வெளிநாட்டுப் படங்களை ஸ்பானிஷில் டப் செய்வதைக் கட்டாயமாக்கியது. கட்டாயம் போன பின்பும் பழக்கம் போகவில்லை. இலக்கணப் பயிற்சியை மளமளவென்று எழுதும் பிள்ளை, ஒலிப்பதிவைப் போட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடும். அதைச் சொல்லி, நீங்கள் அதற்கு வாராவாரம் என்ன செய்வீர்கள் என்பதையும் சொன்னால், நேர்காணல் எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

12. எப்ப வந்து தேடணும்? எங்க தேடணும்?

செப்டம்பர். கல்வியாண்டு அப்போதுதான் தொடங்குகிறது. அகாதெமியாக்கள் மாணவர் எண்ணிக்கை தெரிந்தபின் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை அவசரமாக ஆள் எடுக்கும். மே, ஜூனிலேயே தொடங்கும் ஒழுங்கான இடங்களும் உண்டு. ஜனவரி 6 அரசர் திருநாள் முடிந்ததும் இரண்டாவது சுற்று; கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்த் திரும்பாதவர்களின் இடம் காலியாகும். ஆகஸ்டில் வந்து கதவு தட்டாதீர்கள். கதவே பூட்டியிருக்கும்.

டெஃபல் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும்) வேலைத் தளங்கள், ஸ்பெயினின் வேலைத் தளமான இன்ஃபோஜாப்ஸ், லிங்க்ட்இன் மூன்றிலும் பாருங்கள். மொழிப்பள்ளிகளின் கூட்டமைப்பான ஃபெசெய், அந்தலூசியாவின் அசெயியா ஆகியவற்றின் உறுப்பினர் பட்டியலை எடுத்து நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவது இன்னும் நல்லது. உறுப்பினராக இருக்கும் இடத்தில் ஒப்பந்த விஷயத்தில் ஓரளவு ஒழுங்கு இருக்கும். சுயவிவரத்தின் முதல் வரியிலேயே "ஒன்றியப் பாஸ்போர்ட், நியே உண்டு" என்றோ "மாணவர் அனுமதி, வாரம் 30 மணி நேரம்" என்றோ எழுதிவிடுங்கள். அவர்களுக்கு முதல் சந்தேகம் அதுதான்.

13. சம்பளம் எவ்வளவு வரும்? வீட்டுக்கு அனுப்ப மிச்சம் இருக்குமா?

அகாதெமியாவில் வாரம் 20 முதல் 25 மணி நேர வகுப்புக்கு மாதம் 1,000 முதல் 1,500 யூரோ வரை. மணிக்கணக்கு என்றால் 12 முதல் 20. முழுநேர வேலைக்குச் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் வருடத்துக்கு 14 தவணையாக, தவணைக்கு 1,184 யூரோவாக இருந்தது. பகுதிநேரம் என்றால் அதே விகிதத்தில் குறையும். மாட்ரிட், பார்சிலோனாவில் ஒரு அறைக்கே 500 முதல் 700 யூரோ கேட்கிறார்கள். கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். ஒருவர் கடன் இல்லாமல் வாழலாம். ஊரில் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு, ஏஜென்ட் கடனையும் அடைக்க இந்தச் சம்பளம் பத்தாது. வளைகுடாவில் கிடைப்பதுபோல நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

தனி வகுப்புகள் கைகொடுக்கும்: மணிக்கு 15 முதல் 25 யூரோ. பத்து வகுப்புக்கு முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மழை பெய்தாலே வரமாட்டார்கள். நேரமும் விசித்திரமானது. காலை எட்டுக்கு ஒரு நிறுவனம், மத்தியானம் பள்ளியில் ஒரு மணி நேரம், மாலை நாலரையிலிருந்து ஒன்பது வரை அகாதெமியா. நடுவில் மூன்று மணி நேரம் சும்மா கிடக்கும். வீடு பக்கத்தில் இருந்தால்தான் அது ஓய்வாகும்.

14. பார்சிலோனாவா, சின்ன ஊரா?

முதல் வருடத்துக்கு நடுத்தர ஊர் என்பேன்: வல்யாதோலித், லோக்ரோன்யோ, முர்சியா, சரகோசா. சம்பளம் ஏறக்குறைய அதேதான், வாடகை குறைவு, போட்டியும் குறைவு. பயிற்சியை மட்டும் மாட்ரிட், பார்சிலோனாவில் முடிக்கலாம். அங்கேதான் மையங்கள் அதிகம்.

15. கான்ட்ராக்ட்ல 'ஃபிஹோ டிஸ்கொன்டினுவோ'னு போட்டிருக்கு. நிரந்தரம்தானே, அப்ப ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் வருமா?

வராது. 2021 இறுதியில் வந்த தொழிலாளர் சீர்திருத்தத்துக்குப் பிறகு, அகாதெமியாக்கள் பெரும்பாலும் இந்த வகை ஒப்பந்தம்தான் போடுகின்றன. வேலை நிரந்தரம், ஆனால் பருவம் முடிந்ததும் நிறுத்திவைத்து, செப்டம்பரில் மறுபடி அழைப்பார்கள். அழைக்க வேண்டியது அவர்கள் கடமை. அழைக்காமல் விட்டால் அது பணிநீக்கத்துக்குச் சமம், வழக்குப் போடலாம்.

கோடைக்கு என்ன செய்வது? கடந்த ஆறு வருடத்தில் 360 நாள் பங்களிப்புக் கட்டியிருந்தால் வேலையில்லாக் கால உதவித்தொகை கிடைக்கும். வேலை நின்ற 15 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; தாமதித்தால் நாட்கள் கழியும். முதல் வருடத்தில் 360 நாள் சேராது. அந்த வருடம் ஜூலையில் கோடை முகாம் வேலையை ஏப்ரலிலேயே பிடித்துவிடுங்கள்.

16. வாரம் 24 மணி நேரம் கிளாஸ், ஆனா ஒப்பந்தத்துல 12 மணி நேரம்தான் போடுவாங்களாம், மீதி கையில. ஒத்துக்கலாமா?

வேண்டாம். கையில் வாங்கும் பாதிக்கு ஓய்வூதியப் பங்களிப்பு இல்லை, நோய்க்கால ஊதியம் இல்லை, முன் கேள்வியில் சொன்ன உதவித்தொகையும் பாதியாகும். மாணவர் அனுமதியில் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. பிறகு வேலை அனுமதிக்கு மாறும்போது காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

சோதிக்க ஒரு வழி உண்டு. சமூகப் பாதுகாப்பு இணையதளத்தில் 'விதா லபோரால்' என்ற அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். எந்தத் தேதியில் உங்களைப் பதிந்தார்கள், முழுநேரத்தில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பதியவே இல்லை என்று அதில்தான் பலருக்குத் தெரியவருகிறது. பேசிப் பார்த்தும் சரியாகாவிட்டால் தொழிலாளர் ஆய்வாளரிடமோ, சி.சி.ஓ.ஓ., யு.ஜி.டி. தொழிற்சங்கங்களிடமோ போகலாம்.

17. 'ஆட்டோனோமோவா பதிஞ்சுட்டு எங்களுக்கு பில் போடு'ன்னு அகாதெமியா சொல்லுது. லாபமா?

ஆட்டோனோமோ என்றால் சுயதொழில் பதிவு. புதிதாகப் பதிபவருக்கு முதல் 12 மாதம் சமூகப் பாதுகாப்புத் தொகை மாதம் சுமார் 80 யூரோ. பிறகு வருமானத்துக்கேற்பக் கூடும். பல நிறுவனங்களுக்கும் சொந்த மாணவர்களுக்கும் கற்பிப்பவருக்கு இது சரிப்படும். ஆனால் ஒரே அகாதெமியா, அவர்கள் அறை, அவர்கள் புத்தகம், அவர்கள் சொல்லும் நேரம் என்றால் நீங்கள் ஊழியர்தான். அதைச் சுயதொழில் என்று காட்டுவது சட்டப்படி போலி. விடுமுறைச் சம்பளமும் பணிநீக்க இழப்பீடும் கொடுக்காமல் தப்பிக்கத்தான் இதைக் கேட்கிறார்கள்.

18. ஷெங்கன் விசால வந்து, 90 நாள் பிரைவேட்டா சொல்லிக்கொடுத்துட்டே வேலை தேடினா?

குறுகிய காலப் பயிற்சிக்கு அந்த விசாவில் வரலாம். 180 நாளில் 90 நாள் தங்கலாம். சம்பாதிக்க அனுமதி கிடையாது. தனி வகுப்பும் வேலைதான். 90 நாள் தாண்டித் தங்கினால் திருப்பி அனுப்பவும், ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் நுழையத் தடை போடவும் முடியும். "அப்படி இருந்து பின்னால் பேப்பர் வாங்கினவர்கள் உண்டு" என்று யாராவது சொல்லுவார்கள். உண்டுதான். அவர்கள் வருடக்கணக்கில் எப்படி ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஐந்தாம் கேள்வியில் சொன்ன மாணவர் வழிக்குச் செலவு கூடுதல், ஆனால் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

19. அகாதெமியாவிலேயே கடைசிவரை இருக்க முடியாதே. அஞ்சு வருஷம் கழிச்சு என்ன?

இரண்டு, மூன்று வருட அனுபவத்துக்குப் பின் செல்டாவுக்கு அடுத்த படியான கேம்பிரிட்ஜின் டெல்டா அல்லது டிரினிட்டியின் டிப்ளமோ படிக்கலாம். இரண்டும் பிரிட்டனின் அதே தகுதி அளவில் ஏழாம் நிலை. அதன்பின் பாடப்பிரிவுத் தலைவர், ஆசிரியர் பயிற்றுநர் வேலைகள் திறக்கும். மாட்ரிட்டில் 1940-இலிருந்து இருக்கும் பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற இடங்களில் சம்பளமும் ஒப்பந்தமும் அகாதெமியாவைவிட நன்றாக இருக்கும், போட்டியும் அதற்கேற்ப. கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்கு வாய்மொழித் தேர்வாளராகப் பயிற்சி பெறுவது இன்னொரு வழி. மே, ஜூனில் நல்ல கூடுதல் வருமானம். ஆங்கில ஆசிரியர்களின் டிசால்-ஸ்பெயின் சங்கத்தின் வருடாந்தர மாநாட்டுக்கு ஒரு முறையாவது போங்கள். அடுத்த வேலை விளம்பரத்தில் வருவதற்கு முன்னால் பெரும்பாலும் அங்கே காப்பி மேசையில்தான் பேசப்படுகிறது.